வெள்ளைத் தொப்பிக்காரர்

போர்க்களத்தின் நடுவில் ஒருவர் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறார். கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவர் வழி தவறி வந்துவிட்டாரோ என்று தோன்றும். கையில் ஆயுதம் கிடையாது. கண்ணாடி போட்ட, கனத்த, கூச்ச சுபாவமுள்ள ஆள். பீரங்கிக்காரர்கள் குண்டு எடுக்க ஓடுகிறார்கள், அவர் குறுக்கே நிற்கிறார். ஒதுங்குகிறார், ஒதுங்கிய இடத்திலும் யாருக்கோ இடைஞ்சல். முதலில் முறைத்துப் பார்த்த சிப்பாய்கள் கொஞ்ச நேரத்தில் அவரைத் தங்கள் வீட்டு ஆள் மாதிரி ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள். அப்புறம் குண்டுகள் நெருங்கி விழ ஆரம்பிக்கின்றன. சற்று முன் சிரித்துப் பேசிய முகங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன.

இது போரோதினோ. 1812 செப்டம்பர் 7, மாஸ்கோவுக்கு மேற்கே, நெப்போலியனின் பிரெஞ்சுப் படையும் ரஷ்யப் படையும் மோதிய இடம். ஒரே பகலில் இரண்டு பக்கமும் சேர்த்து எழுபதாயிரம் பேருக்கு மேல் செத்தும் காயப்பட்டும் விழுந்த நாள். அந்த வெள்ளைத் தொப்பிக்காரர் பியர் பெசுகவ், டால்ஸ்டாயின் 'போரும் வாழ்வும்' நாவலின் மைய மனிதர்களில் ஒருவர். பியராக நடித்தவர் செர்கேய் பொந்தார்ச்சுக். 1966, 1967 ஆகிய இரண்டு வருடங்களில் நான்கு பாகங்களாக வெளிவந்த அந்த சோவியத் படத்தின் இயக்குநரும் அவர்தான். படம் நெடுகக் கதை சொல்லும் குரலும் அவருடையதே.

பல வருடங்களாக இந்த ஒரு விஷயம் என் மனசை விட்டுப் போகவில்லை. தான் கையசைத்தால் ஆயிரக்கணக்கான சிப்பாய்களை நகர வைக்கக்கூடிய ஒரு மனிதர், கேமராவுக்கு முன்னால் வந்ததும், தன் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியாத ஆளாக நிற்கிறார். அந்தப் படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நாவலை நான் முதலில் படித்தது பத்தொன்பது வயதில், டி.எஸ். சொக்கலிங்கத்தின் மொழிபெயர்ப்பில். நூலகத்தில் எடுத்த தொகுதிகள், தூக்கினால் கை வலிக்கும். முதல் நூறு பக்கத்துக்குள் யார் யாருக்கு என்ன உறவு என்று குழம்பி, கல்லூரி நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு குடும்ப வரைபடம் போட்டேன். ரஸ்தோவ் வீடு ஒரு பக்கம், பல்கோன்ஸ்கி வீடு ஒரு பக்கம், நடுவில் எந்த வீட்டிலும் சேராமல் பியர். அந்த வரைபடம் போட்டு முடிந்த பிறகு நாவல் தன்னால் ஓடத் தொடங்கியது. பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நாட்களை எல்லாம் அது தின்றது.

சொக்கலிங்கம் 'தினமணி'யின் முதல் ஆசிரியர், சுதந்திரப் போராட்டத்தில் ஊறிய மனிதர். 'அமைதி' என்று எழுதியிருக்க வேண்டிய இடத்தில் அவர் 'வாழ்வு' என்று எழுதினார். ரஷ்ய மொழியில் 'மிர்' என்ற சொல்லுக்கு அமைதி என்றும் பொருள் உண்டு, உலகம் என்றும் பொருள் உண்டு. பழைய எழுத்துமுறையில் இரண்டையும் வேறு வேறாக எழுதுவார்கள், டால்ஸ்டாய் தலைப்பில் வைத்தது அமைதியைத்தான். ஆனாலும் நாவலை முழுக்கப் படித்தவருக்கு 'வாழ்வு' எவ்வளவு சரியான சொல் என்று தெரியும். போர் நடக்காத பக்கங்களில் அங்கே அமைதியா இருக்கிறது? கடன் இருக்கிறது, பொறாமை இருக்கிறது, பிரசவம் இருக்கிறது, வேட்டை, நாட்டியம், பெண் கேட்டு வருவது எல்லாம் இருக்கிறது. வாழ்வுதான்.

படத்துக்கு வருகிறேன். இப்படி ஒரு படம் ஏன் எடுக்கப்பட்டது என்பதற்குப் பின்னால் ஒரு ரோஷம் உண்டு. 1956இல் ஹாலிவுட் இயக்குநர் கிங் விடோர் இதே நாவலைப் படமாக எடுத்தார். ரஸ்தோவ் வீட்டுப் பெண் நடாஷாவாக ஆட்ரி ஹெப்பர்ன், பியராக ஹென்றி ஃபோண்டா. அந்தப் படம் 1959இல் சோவியத் நாட்டிலேயே திரையிடப்பட்டு நன்றாக ஓடியது. நம் வீட்டுக் கதையை அடுத்த வீட்டுக்காரன் வந்து சொல்லிவிட்டுப் போன மாதிரி அவர்களுக்கு இருந்திருக்கும். போதாததற்கு 1962இல் போரோதினோவின் 150ஆம் ஆண்டு வேறு வந்தது. அரசாங்கம் முழு மூச்சாக இறங்கியது. பொறுப்பு பொந்தார்ச்சுக்கிடம் வந்தபோது, அவர் அதுவரை இயக்கியிருந்தது ஒரே ஒரு படம். எழுத்தாளர் ஷோலகவின் கதையை வைத்து 1959இல் எடுத்த 'மனிதனின் விதி'. சின்னப் படம், அருமையான படம். ஜெர்மன் முகாமில் சிறைப்பட்ட ஒரு சிப்பாயின் கதை. அவரே இரண்டாம் உலகப் போரில் செம்படையில் இருந்தவர் என்பதால் போர் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டிய தேவை இருக்கவில்லை.

பியர் வேடத்துக்கு அவர் முதலில் தேடியது ஆஜானுபாகுவான ஒரு இளைஞனை. ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய பளுதூக்கும் வீரர் யூரி விளாசவை வைத்துக்கூட ஒத்திகை பார்த்தார்கள். சரிவரவில்லை. கடைசியில் தானே நடித்துவிட்டார். கதை தொடங்கும்போது பியருக்கு இருபது வயது. படப்பிடிப்பு தொடங்கும்போது பொந்தார்ச்சுக்குக்கு நாற்பத்திரண்டு ஆகப் போகிறது. முதல் பாகத்தில் இது உறுத்தத்தான் செய்கிறது. விருந்துக் கூடத்தில் உலகம் தெரியாத பையனாக அவர் நுழையும்போது, தலை நரைக்கப் போகிற ஒருவர் ஏன் இப்படி விழிக்கிறார் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. மூன்றாம் பாகத்தில் அந்த வெள்ளைத் தொப்பியைப் பார்த்த பிறகு அந்தக் குறை மறந்தே போனது.

போரோதினோ காட்சியை உண்மையான போரோதினோவில் எடுக்க முடியவில்லை. அந்த மைதானம் முழுக்க இப்போது நினைவுத்தூண்கள். அதனால் ஸ்மோலென்ஸ்க் வட்டாரத்தில் தொரகபூஷ் என்ற ஊருக்குப் பக்கத்தில் 1963இல் எடுத்தார்கள். ஒரு லட்சத்து இருபதாயிரம் சிப்பாய்கள் நடித்தார்கள் என்று அந்தக் காலத்தில் விளம்பரம் செய்தார்கள். இன்றைக்கும் பலர் அதையே எழுதுகிறார்கள். பதிவுகளில் இருப்பது சுமார் 13,500 சிப்பாய்களும் 1,500 குதிரை வீரர்களும். குறைவான எண்ணிக்கையா அது? பதினைந்தாயிரம் பேருக்குப் பழைய சீருடை தைத்து, சோறு போட்டு, வரிசையில் நிறுத்தி, புகைக்குள் ஓடவிட்டுத் திரும்பக் கூட்டி வருவதை நினைத்துப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது. படத்துக்காகவே ராணுவத்தில் தனியாக ஒரு குதிரைப்படைப் பிரிவை உருவாக்கினார்கள். கம்பி கட்டி அதில் கேமராவைத் தொங்கவிட்டுக் களத்தின் தலைக்குமேல் பாய விட்டார்கள். ஹெலிகாப்டரில் இருந்தும் எடுத்தார்கள். கணினியில் ஒட்டிய ஆள் ஒருவர்கூடக் கிடையாது. தூரத்தில் புள்ளியாகத் தெரிகிற குதிரைகூட உண்மையான குதிரை. அது கால் இடறி விழுந்தால் நிஜமாகவே விழுகிறது.

இப்போது டால்ஸ்டாய் போரைப் பற்றி என்ன சொல்கிறார் என்று யோசியுங்கள். அவரும் போர் பார்த்தவர்தான், 1854–55இல் செவஸ்தோபோல் முற்றுகையில் பீரங்கிப்படை அதிகாரி. நாவல் எழுதும் நடுவில், 1867இல், போரோதினோ மைதானத்துக்கே போய் இரண்டு நாள் சுற்றி வந்தார், சூரியன் எந்தப் பக்கம் எழுந்து எந்தப் படையின் கண்ணில் அடித்திருக்கும் என்பது வரைக்கும் பார்த்தார். இவ்வளவும் பார்த்துவிட்டு அவர் சொன்னது, போரை யாரும் நடத்துவதில்லை என்பதைத்தான். நெப்போலியன் மேட்டில் நின்று உத்தரவு போடுகிறான். அந்த உத்தரவு புகைக்குள் இருப்பவனிடம் போய்ச் சேர்வதற்குள் நிலைமை மாறிவிடுகிறது. சொன்ன இடத்தில் சொன்ன படை இல்லை. எதிர்ப்பக்கம் ரஷ்யத் தளபதி குதூசவ் உட்கார்ந்த இடத்தைவிட்டு நகராமல், வருகிற சேதிகளைக் கேட்டுக்கொண்டு, வறுத்த கோழியைக் கஷ்டப்பட்டு மென்றுகொண்டிருக்கிறார். நடப்பதைத் தடுக்காமல் இருப்பதே தன் வேலை என்று அந்தக் கிழவருக்குத் தெரிந்திருக்கிறது.

இதைப் படமாக எடுப்பவர் என்ன செய்வார்? யாருடைய உத்தரவும் எடுபடாத ஒரு குழப்பத்தைக் காட்ட, ஒவ்வொரு அசைவும் உத்தரவுப்படி நடக்க வேண்டும். இந்த வெடி இந்த நொடியில், இந்தக் குதிரை இந்தத் திசையில், இந்தப் புகை இந்தக் காற்றுக்கு. நெப்போலியனுக்குக் கிடைக்காத கட்டுப்பாடு பொந்தார்ச்சுக்குக்குத் தேவைப்பட்டது. கிடைக்கவும் செய்தது. அப்படிக் கிடைத்ததை வைத்துக்கொண்டு அவர் மேட்டில் நின்றுவிடவில்லை. தொப்பி போட்டுக்கொண்டு பள்ளத்துக்கு, குண்டு விழுகிற இடத்துக்கு, ஒன்றும் புரியாத ஆளாக இறங்கி வந்தார்.

அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பியரின் கண்கள் எதன்மேலும் நிலைப்பதில்லை. பக்கத்தில் ஒருவன் விழுகிறான், பார்க்கிறார், அதற்குள் வேறெங்கோ சத்தம், அங்கே திரும்புகிறார். பார்த்ததை மனசுக்குள் வாங்கவே நேரம் கிடைக்காத ஒரு முகம். நடிப்பில் இதைச் செய்வது பெரிய விஷயம். அதுவும் அடுத்த வெடி எங்கே என்று முன்கூட்டியே தெரிந்த ஒருவர், தெரியாதவர் போல முகத்தை வைத்திருப்பது!

போரை மட்டும் சொல்லிக்கொண்டே போனால் படத்துக்குத் துரோகம் செய்ததாகும். இரண்டாம் பாகம் முழுக்க நடாஷாவுடையது. லுத்மீலா சவேலியெவா, லெனின்கிராடில் பாலே படித்து முடித்த கையோடு வந்த பெண், சினிமா அனுபவம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. முதல் நடன விருந்துக் காட்சி வருகிறது. நூற்றுக்கணக்கான மெழுகுவர்த்திகள், வெள்ளை உடுப்புகள், வாசலில் வரிசையாக வண்டிகள். நடாஷா சுவரோரம் நிற்கிறாள். ஒவ்வொரு ஜோடியாகக் கிளம்புகிறது. அவளை யாரும் அழைக்கவில்லை.

நான் இதை வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா காய்கறித் தட்டோடு வந்து சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மொழியும் தெரியாது, கீழே ஓடுகிற எழுத்தையும் படிப்பதில்லை. பீன்ஸ் நாரை உரித்துக்கொண்டே பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் கை நின்றுவிட்டது. "ஏன்டா, அந்தப் பொண்ண மட்டும் யாருமே கூப்பிடலையா?" என்றாள். "இப்ப ஒருத்தர் வருவாரும்மா" என்றேன். பல்கோன்ஸ்கி வீட்டு மகன் ஆந்த்ரேய் வெள்ளைச் சீருடையில் கூடத்தைக் கடந்து வந்து நிற்கிறார். சவேலியெவாவின் முகத்தில் அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் ஏதோ ஒன்று உடைகிறது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. உரித்த பீன்ஸை மறுபடி தட்டிலேயே போட்டுவிட்டு, முழு நடனமும் முடிகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நடனத்தில் கேமராவும் சேர்ந்து ஆடுகிறது. ஒளிப்பதிவுக் குழுவில் ஒருவர் காலில் சக்கரக் காலணி மாட்டிக்கொண்டு, கேமராவோடு ஜோடிகளுக்கு நடுவே சறுக்கிக்கொண்டு போய் எடுத்தார். அப்போது முப்பது வயதுகூட நிரம்பாத இசையமைப்பாளர் வியச்செஸ்லாவ் அவ்ச்சின்னிக்கவ் எழுதிய வால்ட்ஸ் அது. கேட்டவர்களுக்கு வாரக்கணக்கில் காதில் இருக்கும். பீரங்கிகளுக்கு மேல் கம்பியில் பறக்கிற கேமராவும் இந்தச் சக்கரக் காலணிக் கேமராவும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றும். இரண்டுமே கூட்டத்துக்குள் ஒரு தனி ஆளைத் தேடிக்கொண்டு போகின்றன.

இன்னொரு நடனமும் உண்டு, எனக்கு இதைவிடப் பிடித்தது. வேட்டை முடிந்து எல்லாரும் கிராமத்து மாமா வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். மாமா கிதாரை எடுத்து நாட்டுப்பாட்டு மெட்டை வாசிக்கிறார். நடாஷா போர்த்தியிருந்த சால்வையைத் தூக்கிப் போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்து எழுந்து நிற்கிறாள். பிரெஞ்சு ஆசிரியையிடம் வளர்ந்த பெண், மாளிகையை விட்டு வெளியே தெரியாதவள், இந்தக் குடியானவர்களின் ஆட்டத்தை எங்கிருந்து கற்றாள் என்று டால்ஸ்டாய் வியந்து நிற்கிற இடம். சவேலியெவா அதுவரை கற்ற பாலேவை எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் மறந்துவிட வேண்டியிருந்தது. மறந்திருக்கிறார்.

1964 ஜூலையில், படம் பாதியில் இருக்கும்போது, பொந்தார்ச்சுக்கின் இதயம் நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்துக்கு மருத்துவக் கணக்குப்படி அவர் இறந்தவர். மீட்டுக் கொண்டு வந்தார்கள். ஆந்த்ரேய் சாகும் காட்சியில் ஒரு வெள்ளை ஒளி சுவர் போல எழுந்து நிற்கும். அந்த நிமிஷங்களில் தான் கண்டதிலிருந்து அவர் அதை எடுத்ததாகச் சொல்வார்கள். நாவலில் ஆந்த்ரேயின் கனவில் ஒரு கதவு வருகிறது, அவன் உள்ளிருந்து தள்ளுகிறான், வெளியிலிருந்து 'அது' தள்ளுகிறது. எழுபது மில்லிமீட்டர் படச்சுருள், ராணுவம், அரசாங்கப் பணம் எல்லாம் கையில் இருந்தும், அந்தக் கதவைத் தள்ளும்போது அவரும் தனியாகத்தான் இருந்திருக்கிறார்.

சில குறைகளையும் சொல்ல வேண்டும். ஏழு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற படத்திலேயே நாவலின் பெரும்பகுதி விடுபட்டுப் போயிருக்கிறது. நடாஷாவின் அண்ணன் நிக்கோலாய் ரஸ்தோவ், ஆந்த்ரேயின் தங்கை மரியா இருவரின் கதை சுருங்கி ஒரு ஓரத்துக்குப் போய்விட்டது. கடைசியில் வரும் குடும்ப அத்தியாயங்கள் இல்லவே இல்லை. நடாஷா கனத்து, பிள்ளை வளர்த்து, புருஷனை அதட்டுகிற அந்தப் பக்கங்களுக்காகவே நான் நாவலை மறுபடி படித்திருக்கிறேன், அதனால் எனக்கு அது வருத்தம். மூன்றாம் பாகத்தில் தேசபக்திக் குரல் சில இடங்களில் ஓங்கி ஒலிக்கிறது. டால்ஸ்டாய் இன்னும் தாழ்ந்த குரலில் பேசியிருப்பார்.

1969இல் சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது. மேடையேறி வாங்கியவர் சவேலியெவா. சோவியத்தில் முதல் பாகத்தை மட்டும் ஐந்தரைக் கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். அப்புறம் வருடங்கள் ஓட, படச்சுருள்கள் நைந்து நிறம் வெளுத்தன. நான் முதலில் பார்த்த பிரதியில் போரோதினோவின் புகையும் வானமும் ஒரே பழுப்பாக இருந்தன. பின்னாளில் மோஸ்ஃபிலிம் ஸ்டுடியோ ஒவ்வொரு ஃபிரேமாகச் சுத்தம் செய்து மீட்டெடுத்தது. இப்போது பார்த்தால் ஆஸ்டர்லிட்ஸ் போர்க்களத்தில் ஆந்த்ரேய் மல்லாந்து விழுந்து பார்க்கிற வானம் நிஜமாகவே வானமாக இருக்கிறது. அவன் தலைக்குமேல் நெப்போலியன் வந்து நின்று ஏதோ பேசுகிறான், ஒரு காலத்தில் அவன் கொண்டாடிய நெப்போலியன்தான். ஈ ரீங்கரிப்பது போல அது அவன் காதில் விழுகிறது. மேகம் மட்டும் மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கிறது.

நான்காம் பாகம் சிறைப்பட்ட பியரின் கதை. மாஸ்கோ எரிகிறது. வலக்கலாம்ஸ்க் மடாலயத்தின் பக்கத்தில் ஒரு ஊரையே செட்டாகக் கட்டி 1966இல் கொளுத்தினார்கள். தீ வைத்ததாகப் பிடிபட்டவர்களைப் பிரெஞ்சுக்காரர்கள் சுட்டுக்கொல்கிற இடம் நாவலில் வருகிறது. ஒரு தொழிற்சாலைப் பையனின் கண்ணைக் கட்டுகிறார்கள். பின்னந்தலையில் முடிச்சு உறுத்துகிறது என்று அவனே கையை உயர்த்தி அதைச் சரி செய்துகொள்கிறான். இன்னும் அரை நிமிஷத்தில் சாகப் போகிறவன். அந்த வரியைப் படித்த ராத்திரி நான் விளக்கை அணைக்காமல் படுத்திருந்தது ஞாபகம் இருக்கிறது.

அதே பியர் பிறகு ஒரு நாள், கைதிகள் தங்கிய இடத்தில், நிலவுக்கடியில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரிக்கிறார். காவல்காரன் அவரை வழிமறித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறான். யாரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், என்னையா, சாவில்லாத என் ஆத்மாவையா என்று கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறார். முதல் பாகத்தில் இருபது வயசுப் பையனாக நம்ப முடியாமல் இருந்த அந்த நாற்பது வயசுக்காரர், இங்கே எந்த வயதும் இல்லாத ஆளாகத் தெரிகிறார். தொப்பி எப்போதோ போய்விட்டது. காலில் செருப்புமில்லை.

பிறகு பனி. பின்வாங்குகிற பிரெஞ்சுப் படை வழியெங்கும் உதிர்ந்துகொண்டே போகிறது. ராத்திரி, ரஷ்யச் சிப்பாய்கள் தீ மூட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். காட்டுக்குள்ளிருந்து குளிரில் விறைத்த இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் தள்ளாடிக்கொண்டு வருகிறார்கள். அதிகாரி ஒருவன், அவனுடைய வேலைக்காரன் ஒருவன். ரஷ்யர்கள் இடம் விடுகிறார்கள். கஞ்சி கொடுக்கிறார்கள், வோட்கா கொடுக்கிறார்கள். சூடு ஏறியதும் வேலைக்காரன் தன் ஊர்ப் பாட்டைப் பாடுகிறான். வாயில் நுழையாத பிரெஞ்சு வார்த்தைகளை ஒரு ரஷ்யச் சிப்பாய் திருப்பிப் பாட முயற்சி செய்ய, சுற்றி இருந்தவர்கள் சிரிக்கிறார்கள். நாவலில் ஒரு வயதான சிப்பாய், இவர்களும் மனுஷர்கள்தானே என்று சொல்லிவிட்டு மேலங்கியை இழுத்துப் போர்த்திக்கொள்கிறார். இன்னொருவர் அண்ணாந்து பார்த்து, எத்தனை நட்சத்திரம், நாளைக்குக் குளிர் கடுமையாக இருக்கும் என்கிறார்.

படத்தில் கேமரா அந்த நெருப்பிலிருந்து மெதுவாக மேலே ஏறுகிறது. அந்த ஒரு நெருப்பைச் சுற்றி இருந்த முகங்கள் சின்னதாகிக்கொண்டே போக, இருட்டில் வேறு வேறு நெருப்புகள் கண்ணில் படுகின்றன. எல்லாவற்றையும் சுற்றிச் சின்னச் சின்னதாக ஆட்கள். இவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் அதில் யார் பிரெஞ்சுக்காரன், யார் ரஷ்யன் என்று தெரிவதில்லை.